டெவ்டூல்ஸ் மக்கர் செய்யும்போது

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, இரவு ஒன்பது மணி இருக்கும். தட்டில் இரண்டாவது தோசை விழுந்த நேரத்தில் போன் அடித்தது. எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்த பெண்.

"அண்ணா, பிரேக்பாயின்ட் வெச்சிருக்கேன், நிக்கவே மாட்டேங்குதுங்ணா. மூணு மணி நேரமா பாக்கறேன். அந்த ஃபங்ஷனுக்குள்ளயே போகல போல."

"அந்த ஃபங்ஷனோட முதல் வரில ஒரு அடைப்புக்குறிய அழிச்சிடு. சேவ் பண்ணி ரீலோட் பண்ணு. பக்கம் உடையுதா?"

கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம் மட்டும். அப்புறம், "உடையலைங்ணா. நல்லாவே ஓடுது."

பிரேக்பாயின்ட் என்பது, ஓடும் கோடை ஒரு வரியில் நிறுத்திப் பார்க்க நாம் வைக்கும் அடையாளம். அவள் படித்துக்கொண்டிருந்தது அன்றைய ஃபைல். பிரவுசர் ஓட்டிக்கொண்டிருந்தது திங்கட்கிழமை ஃபைல். மூன்று மணி நேரமும் ஓடாத கோடில் பிழை தேடியிருக்கிறாள். நானும் இதே பள்ளத்தில் பல தடவை விழுந்து எழுந்தவன்தான். 2011ல் கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே விழுந்தேன். வாடிக்கையாளர் ஆபீஸில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8. அங்கே ஃபார்ம் வேலை செய்யவில்லை என்பார்கள். நான் நேரில் போய் எஃப் 12 தட்டிப் பார்த்தால் ஒழுங்காக வேலை செய்யும். ஊர் திரும்பியதும் மறுபடி புகார். அந்த பிரவுசரில் டெவலப்பர் விண்டோவைத் திறந்தால்தான் 'கன்சோல்' என்ற பொருளே உருவாகும். திறக்காதவரை, சோதனைக்காகச் செய்தி காட்டச் சொல்லி நான் மறந்து விட்டுவைத்த ஒரு கன்சோல் லாக் வரியிலேயே எல்லாம் நின்றுவிடும். பிழையைப் பார்க்கத் திறந்த கருவியே பிழையை மறைத்தது. அன்றிலிருந்து கோடைச் சந்தேகப்படுவதற்கு முன் கருவியைச் சந்தேகப்படுவது என் வழக்கம். கீழே சொல்வதெல்லாம் அந்த வழக்கத்தில் சேர்ந்தவை. டெவ்டூல்ஸ் என்றால் எஃப் 12 தட்டினால் பிரவுசரில் திறக்கும், கோடைச் சோதிக்கும் கருவிகள். குரோமை வைத்துச் சொல்கிறேன். எட்ஜிலும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், ஃபயர்ஃபாக்ஸில் பெயர்கள் கொஞ்சம் மாறும்.

ஓடுவது உங்கள் கோட்தானா?

வேண்டுமென்றே உடைத்துப் பார்ப்பதுதான் என் முதல் சோதனை. அரை நிமிடம் ஆகும். உடைத்தும் பக்கம் உடையவில்லை என்றால் மேற்கொண்டு ஒரு வரி கூடப் படிக்காதீர்கள். பழைய ஃபைல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

நெட்வொர்க் டேபைத் திறந்து ரீலோட் செய்து, உங்கள் ஃபைலுக்கு நேராக 'சைஸ்' என்ற பத்தியைப் பாருங்கள். அங்கே கேபி கணக்கு இருந்தால் ஃபைல் சர்வரிலிருந்து வந்திருக்கிறது. 'டிஸ்க் கேச்', 'மெமரி கேச்' என்றிருந்தால் பிரவுசர் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறது. 'சர்வீஸ் வொர்க்கர்' என்றிருந்தால் பக்கத்துக்கும் சர்வருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார்; தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் ஒரு ஸ்கிரிப்ட் அது.

கேச் என்றால் எளிது. அதே டேபின் மேலே 'டிசேபிள் கேச்' என்று ஒரு கட்டம் இருக்கும், டிக் போடுங்கள். டெவ்டூல்ஸ் திறந்திருக்கும் வரைதான் இது செல்லும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூடிவிட்டுச் சோதித்தால் கேச் திரும்ப வந்துவிடும். ஒரே ஒரு தடவை போதும் என்றால், டெவ்டூல்ஸ் திறந்திருக்கும்போது ரீலோட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ஒரு சின்ன மெனு இறங்கும், அதில் கடைசியாக இருப்பது கேச்சைக் காலி செய்துவிட்டு ரீலோட் செய்யும்.

சர்வீஸ் வொர்க்கர் இதைவிடப் பிடிவாதக்காரர். புதியவர் வந்து வாசலில் நின்றாலும், அந்தத் தளத்தின் எல்லா டேபையும் மூடும் வரை பழையவர் நாற்காலியை விடமாட்டார். ரீலோட் செய்துகொண்டே இருந்தால் அவர் பாட்டுக்கு இருப்பார். 'அப்ளிகேஷன்' டேபில் 'சர்வீஸ் வொர்க்கர்ஸ்' என்ற இடத்துக்குப் போய் 'அப்டேட் ஆன் ரீலோட்' டிக் செய்யுங்கள். அல்லது 'அன்ரெஜிஸ்டர்' கொடுத்து வெளியே அனுப்புங்கள். வேலை நேரம் முழுக்க அவர் தலையிடவே வேண்டாம் என்றால் 'பைபாஸ் ஃபார் நெட்வொர்க்' இருக்கிறது. அந்த வியாழக்கிழமை இரவில் குற்றவாளி இவர்தான். லோக்கல்ஹோஸ்டில், அதாவது உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில், அதே போர்ட் எண்ணில் முன்பு ஓட்டிய வேறொரு பிராஜெக்ட் விட்டுச் சென்ற சர்வீஸ் வொர்க்கர் புதிய பிராஜெக்ட்டுக்குக் குறுக்கே வந்து நிற்பதும் உண்டு. போர்ட் ஒன்றாக இருந்தால் பிரவுசருக்கு இரண்டும் ஒரே தளம்.

கன்சோல் காலியாக இருந்தால்

"லாக் போட்டேன், ஒண்ணும் வரலை" என்று யாராவது சொன்னால், அவர்கள் பக்கம் போகாமலே நான் கேட்பது ஃபில்ட்டர் பெட்டியைத்தான். கன்சோலின் மேலே இருக்கும் அந்தச் சின்னப் பெட்டியில் நேற்று எதையோ தேட நாலு எழுத்து அடித்திருப்பீர்கள். அது இன்றும் அங்கேயே இருக்கும். அந்த நாலு எழுத்து இல்லாத எதையும் கன்சோல் காட்டாது. வலது ஓரத்தில் இத்தனை செய்தி மறைந்திருக்கிறது என்று சின்னதாக எண்ணிக்கை போட்டிருப்பான்; நம் கண்தான் அங்கே போகாது.

பக்கத்திலேயே 'டீஃபால்ட் லெவல்ஸ்' மெனு. லாக்குக்குப் பதில் 'கன்சோல் டீபக்' எழுதிப் பழகியவர்கள் இதில் 'வெர்போஸ்' என்பதை டிக் செய்ய வேண்டும். இயல்பாக அது அணைந்தே இருக்கும்.

ஃபார்மை சப்மிட் செய்ததும் பக்கம் மாறி, பிழைச் செய்தி ஒரு கணம் சிவப்பாக மின்னி மறைகிறதா? செட்டிங்ஸ் சக்கரத்தைத் தட்டி 'பிரிசர்வ் லாக்' போடுங்கள். நெட்வொர்க் டேபில் தனியாக இன்னொரு 'பிரிசர்வ் லாக்' உண்டு, அதையும் போடுங்கள். பேமென்ட் பக்கத்துக்குப் போய்த் திரும்பும் பிழைகளை இது இல்லாமல் பிடிக்கவே முடியாது.

கன்சோலில் ஒரு வேரியபிள் பெயரை அடித்தால் 'நாட் டிஃபைன்ட்' என்கிறதா? மேலே 'டாப்' என்று எழுதிய ஒரு மெனு இருக்கிறது. பக்கத்துக்குள் ஐஃப்ரேம், அதாவது உள்ளே பதித்த இன்னொரு பக்கம், இருந்தால் அதுவும் அந்த மெனுவில் வரும். நீங்கள் தேடுவது ஐஃப்ரேமுக்குள் இருந்தால், முதலில் அந்த வீட்டுக்குள் போக வேண்டும்.

லாக் காட்டுவது எப்போதைய படம்?

இதை நிதானமாகச் சொல்கிறேன். ஐந்து வருட அனுபவம் உள்ளவர்களே இதில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

'பொருட்கள்' என்று ஒரு வெற்று அரே, அதாவது பட்டியல். சர்வரிலிருந்து மூன்று பொருட்களைக் கேட்டு அதில் சேர்க்கச் சொல்கிறீர்கள். அடுத்த வரியில் அரேயை லாக் செய்கிறீர்கள். கன்சோலில் வெற்று அடைப்புக்குறி தெரிகிறது. அம்புக்குறியைத் தட்டி விரித்தால் உள்ளே மூன்று பொருட்களும் இருக்கின்றன. "டேட்டா வந்திருக்கே, அப்புறம் ஏன் லூப் சுத்தலை?" என்று தலையைச் சொறிவீர்கள்.

மூடியிருக்கும்போது தெரிவது லாக் ஓடிய நொடியின் நிலை. விரித்ததும் தெரிவது விரித்த நொடியின் நிலை. கன்சோல் அந்த அரேயின் நகலை வைத்திருப்பதில்லை, அரேயையே பிடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் விரிப்பதற்குள் சர்வர் பதில் சொல்லி முடித்துவிட்டது. பக்கத்தில் ஒரு குட்டி 'ஐ' அடையாளம் இருக்கும். அதன் மேல் மவுஸை வைத்தால் இதைத்தான் சொல்லும். உங்கள் லூப் ஓடிய நேரத்தில் அரே உண்மையிலேயே காலி. பதில் வரும் வரை காத்திருக்கச் சொல்லும் 'அவெய்ட்' விட்டுப்போயிருக்கும்.

அந்த நொடியின் படம் வேண்டுமென்றால் 'ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை' செய்து லாக் போடுங்கள், அல்லது 'ஸ்ட்ரக்சர்ட் குளோன்' எடுத்துப் போடுங்கள். அதைவிட நல்லது, அந்த வரியில் பிரேக்பாயின்ட் வைத்து நிறுத்துவது. நின்ற நேரத்தில் எதுவும் மாறாது.

பிரேக்பாயின்ட் நிற்காததற்கு

கோட் புதியதுதான் என்று உறுதியான பிறகும் நிற்கவில்லையா? நீல அடையாளம் வெளிறித் தெரிகிறதா பாருங்கள். கன்ட்ரோலும் எஃப் 8ம் சேர்ந்து அழுத்தினால் எல்லா பிரேக்பாயின்ட்டும் ஒரேயடியாகச் செயலிழக்கும். விரல் தவறிப் படுவது சகஜம். மறுபடி அதையே அழுத்தினால் சரி.

அடுத்து 'இக்னோர் லிஸ்ட்'. லைப்ரரி கோடுக்குள் நுழைந்து நேரத்தை வீணாக்காமல் இருக்க வந்த நல்ல வசதி. ஆனால் ரைட் கிளிக் மெனுவில் அவசரத்தில் உங்கள் ஃபைலையே அதில் சேர்த்துவிடலாம். நான் ஒரு முறை முழு ஃபோல்டரையே சேர்த்துவிட்டு அரை நாள் திரிந்தேன். செட்டிங்ஸில் 'இக்னோர் லிஸ்ட்' என்ற பக்கத்தில் எல்லாம் வரிசையாக இருக்கும், வேண்டாததை நீக்குங்கள்.

நீங்கள் 42ஆம் வரியில் வைத்த அடையாளம் தானாக 47க்குத் தாவினால், ஓடும் ஃபைலின் வரிகளை நீங்கள் எழுதிய வரிகளோடு பொருத்தும் சோர்ஸ் மேப் பழையது, அல்லது உங்கள் கோடை ஓடும் ஃபைலாக மாற்றும் பில்டில் அந்த வரி காணாமல் போயிருக்கிறது. பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்யுங்கள். சோர்ஸ் மேப்பால் இன்னொரு குழப்பமும் உண்டு: திரையில் அழகான பெயர் இருக்கும், கன்சோலில் அதை அடித்தால் இல்லை என்பான். உண்மையில் ஓடும் சுருக்கிய ஃபைலில் அதன் பெயர் ஒற்றை எழுத்தாகியிருக்கும். வலப்பக்கம் 'ஸ்கோப்' பகுதியில் தேடினால் மதிப்பு கிடைக்கும்.

சோர்ஸ் மேப்பே இல்லாத இடத்திலும் ஒரு விசித்திரம். உள் ஃபங்ஷனில் நின்றுகொண்டு வெளி ஃபங்ஷனின் வேரியபிளைக் கேட்டால் 'நாட் டிஃபைன்ட்'. கண்ணெதிரே பத்து வரி மேலே இருக்கிறது! எந்த உள் ஃபங்ஷனும் பயன்படுத்தாத வேரியபிளை குரோமின் என்ஜினான வி8 அவற்றுக்காக எடுத்துவைப்பதில்லை, நினைவகத்தை மிச்சப்படுத்துகிறது. அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் உள் ஃபங்ஷனில் அந்தப் பெயரைச் சும்மா ஒரு வரியில் எழுதிவிட்டு ரீலோட் செய்யுங்கள். இது தெரியாமல் ஜாவாஸ்கிரிப்டின் ஸ்கோப் விதிகளையே சந்தேகித்து ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன்.

எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை என்றால், பிழை எழும் இடத்திலேயே நிற்கச் சொல்லலாம். பிரேக்பாயின்ட் பகுதியில் 'பாஸ் ஆன் அன்காட் எக்ஸெப்ஷன்ஸ்' இருக்கிறது. அதற்கும் அடங்காவிட்டால் 'காட்' என்பதையும் டிக் செய்யுங்கள். யாரோ ஒரு புண்ணியவான் வெற்று 'கேட்ச்' எழுதிப் பிழையை விழுங்கியிருந்தால் அங்கே வந்து நிற்கும். ஒரு பட்டனின் கிளாஸை யாரோ நீக்குகிறார்கள், யார் என்று தெரியவில்லையா? எலிமென்ட்ஸ் டேபில் அந்தப் பட்டன் மேல் ரைட் கிளிக், 'பிரேக் ஆன்', அதில் 'ஆட்ரிபியூட் மாடிஃபிகேஷன்ஸ்'. கை வைத்தவர் கையும் களவுமாக மாட்டுவார்.

மவுஸை நகர்த்தினால் மறைந்துவிடும் டிராப்டவுனை ஆராய, கன்சோலில் மூன்று விநாடி 'செட் டைம்அவுட்' கொடுத்து அதற்குள் 'டீபகர்' என்று எழுதி என்டர் தட்டுங்கள். போய் மெனுவைத் திறந்து அசையாமல் பிடியுங்கள். மூன்றாவது விநாடி எல்லாம் உறைந்துவிடும்.

உங்களிடம் வருகிறது, மற்றவரிடம் வரவில்லை

முதல் வேலை இன்காக்னிட்டோ விண்டோ. அதில் எக்ஸ்டென்ஷன்கள் வழக்கமாக அணைந்திருக்கும், பழைய குக்கியும் இருக்காது. ஒரு கல்யாண மண்டபத் தளத்துக்கு பேனர் படங்களை வைத்த ஃபோல்டருக்கு 'ஆட்ஸ்' என்று பெயர் வைத்திருந்தேன். உரிமையாளரின் மகன் லேப்டாப்பில் மட்டும் படம் வராது. விளம்பரத் தடுப்பான் அந்தப் பெயரைப் பார்த்ததுமே வெட்டியிருக்கிறது. கன்சோலில் சிவப்பு வரியில் 'பிளாக்ட் பை கிளையன்ட்' என்றிருந்தால் இதுதான் கதை. பெயரை மாற்றினேன், முடிந்தது.

ராத்திரியில் மட்டும் வரும் பிழை

ஒரு ஸ்பின்னிங் மில்லுக்கு கேட் என்ட்ரி செய்து கொடுத்திருந்தோம். பஞ்சு லாரி உள்ளே வந்ததும் செக்யூரிட்டி வண்டி எண்ணை அடித்து சேவ் செய்வார், தேதி தானாக விழும். மாதக் கடைசியில் கணக்குப்பிள்ளை கூப்பிட்டார்: "தம்பி, பன்னண்டாந் தேதி வந்த லாரி பதினொண்ணுல நிக்குது. எல்லாம் இல்ல, சிலது." நாங்கள் ஆபீஸில் எத்தனை தடவை சோதித்தும் தேதி சரியாகவே விழுந்தது. அந்தச் சிலதை வரிசையாக எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எல்லாமே நள்ளிரவு 12க்கும் விடியற்காலை 5.30க்கும் நடுவில் வந்த லாரிகள்.

ஐந்தரை என்ற எண்ணைப் பார்த்ததுமே பொறி தட்டியிருக்க வேண்டும். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால். தேதியை 'டு ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்' கொடுத்து முதல் பத்து எழுத்தை வெட்டியிருந்தோம். அது தருவது எப்போதுமே பொது நேரம். இங்கே 12ஆம் தேதி இரவு இரண்டு மணி, அங்கே 11ஆம் தேதி இரவு எட்டரை.

இதைப் பகலில் வரவழைத்துப் பார்க்க ராத்திரி கண் விழிக்க வேண்டாம். டெவ்டூல்ஸ் திறந்திருக்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் அழுத்தினால் ஒரு தேடல் பெட்டி வரும். 'சென்சார்ஸ்' என்று அடியுங்கள். இடப் பட்டியலில் சான் பிரான்சிஸ்கோவைத் தேர்ந்தெடுத்து ரீலோட் செய்யுங்கள். பக்கத்தின் நேர மண்டலமும் அந்த ஊருக்கு மாறிவிடும். நம் காலை பதினொன்று, அங்கே முந்தின நாள் இரவு பத்தரை, குளிர்காலமானால் ஒன்பதரை. பொது நேரத்திலோ தேதி அடுத்த நாளுக்குப் போயிருக்கும். இரண்டு தேதியும் முட்டிக்கொள்வதை டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம். திருத்தம் சின்னது: வருடம், மாதம், நாள் மூன்றையும் 'கெட் ஃபுல்இயர்', 'கெட் மந்த்', 'கெட் டேட்' கொண்டு தனித்தனியே எடுத்துக் கோத்தோம். மாதம் பூஜ்யத்தில் தொடங்கும், ஒன்றைக் கூட்ட மறக்காதீர்கள். பட்டியலில் மும்பையும் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்துகொண்டு நம் ஊருக்கு எழுதுபவர்கள் அதை வைத்துச் சோதிக்கலாம்.

போனில் மட்டும்

ஆண்ட்ராய்டு போனில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபகிங்கை இயக்கி, கேபிள் போட்டு, கம்ப்யூட்டர் குரோமின் முகவரிப் பட்டையில் 'குரோம் இன்ஸ்பெக்ட்' பக்கத்தைத் திறந்தால் போனில் உள்ள டேபுகள் வரிசையாகத் தெரியும். தெரியாவிட்டால் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் ஊரெல்லாம் இருக்கின்றன. ஐபோன் சஃபாரியைப் பார்க்க மேக் வேண்டும். எனக்கு அதற்கு நண்பன் வீடுதான்.

கொடுமுடி, கொடுமுடி

கடைசியாக, தமிழில் தளம் செய்பவர்களுக்கு. ஒரு உர வியாபாரியின் வாடிக்கையாளர் பட்டியலில் 'கொடுமுடி' என்று ஊர்ப் பெயரைத் தேடினால் பாதிப் பேர்தான் வந்தார்கள். மீதிப் பேர் பட்டியலில் கண்ணுக்குத் தெரிகிறார்கள், தேடினால் இல்லை. பிரேக்பாயின்ட் ஒழுங்காக நின்றது. இடப்பக்கம் 'கொடுமுடி', வலப்பக்கம் 'கொடுமுடி', ஒப்பிட்டால் 'ஃபால்ஸ்'.

இரண்டுக்கும் 'லெங்த்' கேட்டேன். ஒன்று 8, மற்றது 9. ஸ்பிரெட் செய்து, அதாவது சொல்லைத் தனித்தனி எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதன் யூனிகோடு எண்ணைத் தரும் 'கோட்பாயின்ட் அட்' கேட்டதும் வெளியே வந்தது. ஒன்று 2965, 3018 என்று தொடங்கியது. மற்றது 2965, 3014, 3006. முதலாவதில் 'க'வுக்கு அடுத்து ஒகரக் குறி ஒரே எழுத்தாக இருக்கிறது. இரண்டாவதில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. திரையில் இரண்டும் 'கொ'தான். பழைய பாமினி எழுத்துருவில் இருந்த பட்டியலை யாரோ யூனிகோடுக்கு மாற்றியபோது அப்படி வந்திருக்கிறது. இந்த எண்களுக்கு நடுவே 8203, 8204 தென்பட்டால் அவை கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள், காப்பி பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு வருபவை.

'நார்மலைஸ்' என்ற ஸ்ட்ரிங் மெத்தடை இரண்டு பக்கமும் கொடுத்தால் ஒகரம் ஒரே எழுத்தாகச் சேர்ந்துவிடும். தேடும் சொல்லுக்கு மட்டும் கொடுத்தால் போதாது. சேமித்து வைத்த பெயர்களுக்கும் வேண்டும். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டேட்டாபேஸ் முழுக்க ஒரு தடவை ஓட்டிவிட்டு, சேவ் செய்யும் இடத்திலும் அதே வரியைச் சேர்த்தோம். மறுநாள் வியாபாரி கூப்பிட்டு, கோபியும் கொளத்துப்பாளையமும் கூட இப்போது முழுசாக வருகிறது என்றார். அவை வராமல் இருந்ததை அதுவரை அவர் எங்களிடம் சொல்லவே இல்லை.